யார் விலகுவது?

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறவன், 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் அவர்கள் பெயராலேயே இன்றும் வழங்குவதுமான அரண்மனையையும், அதன் வளாகத்திலேயே எழுந்தருளியிருக்கும் பழயன்னூர் பகவதியின் கோயிலையும், அக்கோயிலுக்கு அணுக்கமாக 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயத்தையும் சில நிமிஷ நடைக்குள் கண்டுவிடுகிறான். சந்தின் இருபுறத்துப் பண்டகசாலைகளிலிருந்து மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணம் தெருவரையில் வந்து அவனை எதிர்கொள்ளுகிறது. கையில் வரைபடம் ஏந்திய பிரயாணிகள் நாள்தோறும் இந்த வழியில் கூட்டங்கூட்டமாக நடக்கிறார்கள்; பாரம்பரிய நடை என்று அதற்குப் பெயர். அவர்களோடு நானும் பலமுறை நடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு விசாரம் என்னைத் தொடர்ந்து வந்தது: பழைய வழி ஒன்றைப் போற்றுவது என்றால் என்ன? அதன் கல்லையும் சுவரையும் போற்றுவதா, அதில் நடந்தவர்களைப் போற்றுவதா? அதில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களை எங்கே நிறுத்துவது?

இது சரித்திரக்காரரின் கேள்வி மட்டுமாயிருந்தால் அவர்களிடமே விட்டிருப்பேன். நம்முடைய பாஷையில் இது சமயத்தின் கேள்வியாகவும் அமைந்துவிட்டது. நெறி என்றால் கால் நடக்கும் பாதை. சைவ நெறி என்றால் சமயம். மார்க்கம் என்ற வடசொல்லும் அப்படியே. ஆறு என்ற சொல் நீரோடும் பள்ளத்தையும் மனிதன் செல்லும் வழியையும் அறத்தின் போக்கையும் ஒருங்கே குறிக்கிறது. பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு பாணனை நிறுத்தி, இன்ன வழியே போ, இன்ன ஊரில் தங்கு, இன்ன வள்ளலைக் காண் என்று சொல்லி அனுப்புவதையே ஓர் இலக்கிய வகையாக வகுத்து, ஆற்றுப்படை என்று பெயரும் இட்டு, அதே உருவத்தில் முருகனிடம் அடியவரை வழிப்படுத்திய மக்கள் நாம். வழி காட்டுவது நமக்கு வழிபாட்டின் ஓர் அங்கமாகவே இருந்து வந்திருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கு மிளகு வந்த வழியும் நமக்கு அந்நியமானதன்று. 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றின் முகம் மாறி, முசிறியின் துறை தூர்ந்து, கொச்சியின் துறை திறந்தது என்பர். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த முசிறிக்கு யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் புலவர் பாடிவிட்டார். அங்கிருந்து கிழக்கே வந்த வணிகர், மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கையே திறந்து வைத்த பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, பேரூர், வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று நடந்து காவிரியைத் தொட்டனர். இன்று சேலத்திலிருந்து கொச்சிக்கு ஓடும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் மலையைக் கடப்பது அதே கணவாயின் வழியேதான். கோயம்புத்தூருக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பாறையில், இராசகேசரிப் பெருவழி என்று அவ்வழிக்குச் சோழன் இட்ட பெயர், தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. கணவாய்க்கு அப்பாலிருந்து வருகிறவன் வட்டெழுத்தில் படிப்பான், இப்பாலிருந்து போகிறவன் தமிழ் எழுத்தில் படிப்பான் என்று எண்ணியவனுடைய வேலையாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

அதைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது தருமபுரிச் சீமையில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல். நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு அமையாமல், எழுத்தறியாதவனும் விரலால் தடவி அறிந்துகொள்ளும்படி, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெருங்குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறுகுழிகளும் அதில் குடையப்பட்டிருக்கின்றன. கற்றவனுக்கு ஒரு கல்லும் கல்லாதவனுக்கு ஒரு கல்லும் என்று பிரிக்காமல், ஒரே கல்லில் இருவருக்கும் இடம் வைத்த சிற்பியின் உள்ளத்தை எத்தனையோ சாஸ்திரங்களுக்கு மேலாக நான் மதிக்கிறேன். சுமைதாங்கியும் அந்த உள்ளத்திலிருந்து பிறந்ததே. தலைச்சுமையை இறக்கி வைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் பிறர் கையை எதிர்பாராமல், தனி வழிப்போக்கன் தன் தலை உயரத்திலேயே சுமையை வைத்து இளைப்பாறும்படி, இரண்டு கற்களை நாட்டி ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய அந்தத் தர்மத்தை மலையாள நாட்டிலும் காணலாம், அத்தாணி என்பார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் ஆன்மா சாந்தி பெறும் பொருட்டு அதை நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். முகமறியாத ஒருவன் ஒரு கணம் இளைப்பாறினால் இறந்தவளின் பாரம் குறையும் என்ற நம்பிக்கையைத் தத்துவம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆயினும் வழிகளின் சரித்திரம் இத்துடன் முடிந்துவிடவில்லை. யூதர் ஜெபாலயத்தில் பாதுகாக்கப்படும் செப்பேடுகளைப் பாருங்கள். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேரமன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தருளி, ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகனுக்கு வழங்கிய உரிமைகள் அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பாஷையைத் தமிழர் எவரும் ஏறத்தாழத் தம்முடையதாகவே கண்டுகொள்ளக்கூடும். சுங்கமும் எடைக்கூலியும் இல்லை. பகல் விளக்கு உண்டு, பல்லக்கு உண்டு, குடை உண்டு, காகளம் உண்டு, நடக்கும் நிலத்தில் விரிக்கும் பாவாடை உண்டு. இவ்வாறு 72 உரிமைகள். அவ்வுரிமைகளைச் செப்பேடு குறிக்கும் சொல் வீடுபேறு என்பது. ஆன்மாவின் முடிந்த விடுதலைக்கு நாம் வைத்திருக்கும் சொல்லை, தெருவில் குடை பிடித்து நடக்கும் சலுகைக்கும் ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். கடல் கடந்து வந்த அந்நியன் ஒருவனுக்கு இத்தகைய மதிப்பை அளித்தது அம்மன்னனுடைய பெருமை; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குடை பிடித்து நடப்பது ஒருவனுக்குச் சலுகை என்றால், பிடிக்கக்கூடாதவர்கள் பலர் இருந்தார்கள் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

காலைப் பற்றியும் தரையைப் பற்றியும் நம் அடியவர்கள் எண்ணியது வேறு விதம். கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று காரைக்காலம்மையார் தலையால் நடந்தார். திருநாவுக்கரசர் அதே கயிலையை நோக்கிக் கால் தேய நடந்து, பின் கையால் ஊர்ந்து, பின் மார்பால் தவழ்ந்து, உடல் ஓய்ந்து வழியிலேயே கிடந்தபொழுது, திருவையாற்றுக்குத் திரும்பும்படி ஆணை பெற்றுக் கயிலையை அங்கே கண்டார். தரையைத் தீண்டாமல் இருப்பதற்காகப் பாவாடை விரித்துக்கொள்வதற்கும், தரை தன்னால் மாசுபடுமோ என்று அஞ்சித் தலையை ஊன்றுவதற்கும் இடையே எத்தனை தூரம்!

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதுவே நான் சொல்ல வந்த விஷயம். தானாக விரும்பித் தலையால் நடந்தவர் அம்மையார். பிறர் தடுத்ததால் நடக்கவே முடியாமல் நின்றவர் நந்தனார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததையே பெயராக்கித் திருநாளைப்போவார் என்று சேக்கிழார் கொண்டாடுகிறார். தில்லைக்கு வழி தெரியாமலா அவர் நாளை நாளை என்றார்? எல்லையில் நின்று ஊரையே வலம் வந்துகொண்டிருந்த அவர் போக விரும்பிய இடத்துக்குத் தமிழன் வைத்த பெயர்கள் அம்பலம், மன்று, பொது. பொது என்று பெயர் பெற்ற சபையில் ஆடுகிறவனைக் காண, தீயில் மூழ்கி எழுந்துதான் ஒருவர் செல்ல வேண்டியிருந்தது. இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் என் உள்ளம் அந்தத் தீயின் முன்னால் நின்றுவிடுகிறது; அப்பால் செல்வதில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது காலடி. அங்கே பிறந்த சங்கரர் காசியில் ஒரு சந்தில் சீடரோடு சென்றபோது எதிரே வந்த சண்டாளனை விலகு என்றார் என்பதும், விலக வேண்டியது அன்னத்தால் ஆன இந்த உடலா, இரண்டென்று இல்லாத அந்தச் சைதன்யமா என்று அவன் கேட்டதும், அக்கேள்வியில் குருவைக் கண்டு சங்கரர் வணங்கியதும் மனீஷா பஞ்சகம் தோன்றிய வரலாறாகச் சொல்லப்படுகின்றன. அத்வைதத்துக்கு இதைவிடக் கூர்மையான சோதனையை நான் அறியேன். மடத்தில் அமர்ந்து பாஷ்யம் எழுதுகிறவனுக்கு எல்லாம் ஒன்று என்பது எளிது. ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய சந்தில் எதிரே ஒருவன் வருகிறபொழுதுதான், ஒன்று என்பது ஒன்றுதானா என்று தெரியும். கொச்சிச் சீமையில் இக்கதையைக் கும்மிப்பாட்டாக்கி எளிய மக்களின் வாயில் வைத்தவர் பண்டிட் கருப்பன். 1885-இல் சேரானல்லூரில் மீனவர் குலத்தில் பிறந்து, வடமொழி கற்றுப் பண்டிதராகிய அவர், ஜாதிக்கும்மி என்ற அந்நூலோடு நின்றுவிடவில்லை.

நிலத்தின் மேல் கூட்டம் கூடுவதற்குப் புலையருக்கு அனுமதியில்லாத காலம் அது. நகரத்தின் வழிகளில் அவர்கள் நடக்கக்கூடாது, மைதானங்களில் நிற்கக்கூடாது. 1913-இல் கருப்பனும் அவருடைய தோழர்களும் என்ன செய்தார்கள்? மீனவர்களின் வள்ளங்களை எறணாகுளத்துக் காயலில் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகைகளைப் பரப்பி, நீரின் மேல் ஒரு சபையைக் கூட்டினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, நீருக்கு யார்? காயல் சம்மேளனம் என்று கேரளம் இன்று பெருமையோடு நினைவுகூரும் அந்தக் கூட்டத்தில், புலையர் தலைவராகிய கிருஷ்ணாதி ஆசான் முதலியோர் அலையில் ஆடும் பலகையின் மேல் நின்று, தரையில் நடக்கும் உரிமையைக் கேட்டார்கள். மட்டாஞ்சேரித் துறையில் நின்று எறணாகுளத்துக் கரையை நோக்குகிறவனுக்கு இடையே விரிந்து கிடப்பது அந்தக் காயலேதான். வழியே இல்லாதவர்களுக்கு வழியாயிருந்த நீர் அது. அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் வெகு அழகாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அரசைத் துறந்து கானகத்தில் நடந்தவன், வழியில் கண்ட ஓடக்காரனைத் தம்பியாக்கிக்கொண்ட கதையல்லவா அது! அதைச் சுவரில் வைத்துக் கண்விழித்த மன்னர்களின் நாட்டில், ஓடக்காரர்களே ஓடங்களைக் கட்டி மற்றவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டி வந்தது.

தனித்த ஒரு நிகழ்ச்சியாக இதைக் கருதுவதற்கில்லை. வெங்கானூரில் 1893-இல் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதும், 1924 மார்ச் 30-இல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கு ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை புகுந்ததும் தமிழர் அறிந்தவை. ஏறத்தாழ இருபது மாதப் போராட்டத்துக்குப் பின், கோயிலைச் சுற்றிய வீதிகளில் மூன்று பக்கத்தவை மட்டுமே திறந்தன; கிழக்குப் பக்கம் 1936 வரையில் காத்திருந்தது. தெய்வம் கிழக்கு நோக்கியிருக்க, கிழக்குத் தெரு மனிதனுக்கு மூடியிருந்தது.

இப்பொழுது சேந்தமங்கலத்துக்கு வருகிறேன். பெரியாற்றங்கரையில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூதர் ஜெபாலயம் ஆகியவை ஒன்றுக்கொன்று அருகாமையில் நிற்கும் அழகிய ஊர் அது. கொச்சி அரசின் பரம்பரை மந்திரிகளான பாலியத்தச்சன்மாரின் இருப்பிடமும் அதுவே. முசிறிப் பாரம்பரியத் திட்டம் என்று கேரள அரசு வகுத்த வழித்தொடரில், பறவூர் ஜெபாலயமும் கொடுங்கல்லூர்ச் சேரமான் பள்ளிவாசலும் கோட்டப்புறமும் பட்டணம் அகழ்வாய்வும் இருப்பதுபோல், பாலியத்து மாளிகையும் நாலுகெட்டும் இருக்கின்றன. மரவேலையையும் முற்றத்தையும் கண்டு வியவாதவர் இல்லை, நானும் வியந்தேன். ஆனால் அந்த மாளிகையையும் அதன் கோயில்களையும் ஒட்டிய பாதை, 1947 ஆகஸ்டில் நாடு சுதந்தரம் அடைந்த பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கப்படவில்லை. அந்த டிசம்பரில் தொடங்கிய சத்தியாக்கிரகம் 1948 மார்ச் வரையில் நீண்டது. நம்பூதிரி இல்லங்களின் பெண்கள்கூட வந்து அதில் கலந்துகொண்டார்கள். போலீசாரின் அடிக்கு இரையாகி ஏ. ஜி. வேலாயுதன் என்ற இளைஞர் உயிர் நீத்தார். மாளிகையின் தூண்களைக் காட்டிலும் அந்த ஊரின் பாரம்பரியம் எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பாதையின் மண்தான் என்பேன்.

வழியை மறுப்பது நம் நாட்டின் குறை மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. கனடாவின் மேற்குப் புல்வெளிகளில் ஒரு பழைய பெருவழி இருந்தது. இன்றைய வினிபெக் நகரில் இருந்த காரிக் கோட்டையிலிருந்து கார்ல்டன் கோட்டை வழியாக எட்மன்டன் வரையில், இரும்பே சேராமல் மரத்தாலேயே செய்த இருசக்கர வண்டிகளில், ஐரோப்பியரும் ஆதிக்குடிகளும் கலந்து பிறந்த மெட்டி மக்கள் சரக்கு ஏற்றிச் சென்றார்கள். உழப்படாத சில இடங்களில் அவ்வண்டிகளின் சக்கரத் தடம் இன்றும் புல்லுக்கிடையே காணப்படுகிறது என்றும், அதைக் காண்பதற்கென்றே கிராமச் சாலைகளில் நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவர்கள் உண்டு என்றும் அறிகிறேன். அதே புல்வெளியில் 1885-க்குப் பிறகு, ஆதிக்குடி மனிதன் ஒருவன் தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லையை விட்டு வெளியே அடிவைக்க வேண்டுமானால், அரசாங்க அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்கு எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை என்பது இன்னும் கொடுமை. நிலமிழந்த மெட்டி மக்களோ, சர்வே செய்தவர்கள் எதிர்காலச் சாலைக்காக விட்டுவைத்த ஓரநிலங்களில் குடிசை கட்டி வாழ்ந்தார்கள். சாலையோரத்து மக்கள் என்பது அவர்களுக்குப் பெயராகவே ஆயிற்று. வழியை உண்டாக்கினவர்களுக்கு அதன் ஓரமே எஞ்சியது.

எல்லாம் கடந்துபோன பிறகு இவற்றைக் கிளறுவானேன் என்று நல்ல மனம் படைத்தவர்களே என்னைக் கேட்டதுண்டு. யாத்திரைக்கு வருகிறவன் அழகைக் கண்டு மகிழட்டும், பழைய புண்ணைக் காட்டி அவன் மகிழ்ச்சியை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு கருணை இருப்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் நம் சமயங்களில் எதுவும் யாத்திரையை இன்பப் பிரயாணமாக விதிக்கவில்லை. யாத்திரையின் பாதி, பிராயச்சித்தம். செய்த பிழையை மறந்துவிட்டுச் செய்யும் பிராயச்சித்தம் ஒன்று உண்டா? இன்னொரு வாதத்தை வேதாந்திகள் சொல்வார்கள்: ஆன்மாவுக்கு வழியும் இல்லை, தடையும் இல்லை, தெருவில் நடக்கும் உரிமையைப் பரமார்த்த விஷயத்தோடு கலப்பது பேதைமை என்று. காசிச் சந்தில் அந்தச் சண்டாளன் கேட்டதை அவர்கள் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். தடையே இல்லாத ஆன்மாவை விலகு என்று சொன்னது யார்?

மட்டாஞ்சேரி ஜெபாலயத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. சீனத்து நீலச் சித்திர ஓடுகள் பதித்த அதன் தரையை வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மிதிக்கிறார்கள். கேரளத்து வழக்கம் அங்கேயும் புகுந்திருப்பதைக் கண்டு நெஞ்சு குளிர்கிறது. கேரளத்து வழக்கங்களில் மற்றொன்றும் அங்கே புகுந்திருந்தது. அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் உள்ளே மற்றவரோடு சமமாக அமர இயலாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவராய்ப் பிறந்து வழக்கறிஞராகிய ஏ. பி. சேலம், காந்தியடிகளின் முறையைக் கைக்கொண்டு, தம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த வேற்றுமையைத் தளர்த்தினார். யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். செப்பேட்டின் 72 வீடுபேறுகளோடு எழுபத்துமூன்றாவதாக அவர் பெற்றுத் தந்ததையும் எண்ணவேண்டும் என்பது என் கருத்து.

கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் துணி வெளுக்கும் துறை ஒன்று உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறவர்கள் தமிழ் வண்ணார். டச்சுக்காரரின் படைவீரர் உடுப்புகளை வெளுக்கத் தங்கள் முன்னோர் அழைத்துவரப்பட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சலவைக்கல்லின் அருகே நின்ற முதியவர் ஒருவரிடம், எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டேன். “நடந்துதான் வந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க. எந்த வழின்னு அவருக்கும் தெரியாது” என்றார். ஒரு கணம் பொறுத்து, “வழியில எங்க தங்கவிட்டாங்களோ, எங்க தண்ணி குடுத்தாங்களோ!” என்றும் சொன்னார். இராசகேசரிப் பெருவழியைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாறையில் பெயர் இருக்கிறது. அவருடைய பாட்டனாருக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்பது அதில் இல்லை.

மட்டாஞ்சேரிக்கு வரும் தமிழன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்ளுகிறேன். பாலம் கடந்து மோட்டாரில் வாராதீர்கள். எறணாகுளத்துத் துறையில் படகேறி வாருங்கள். படகு நடுக்காயலை அடையும்பொழுது குழந்தைகள் உடன் இருந்தால், 1913-இல் இங்கே தரை மறுக்கப்பட்ட மனிதர்கள் வள்ளங்களைக் கட்டி நின்று பேசினார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு இறங்கி நடந்து, அரண்மனையைக் காட்டுங்கள்.